சம்பளத்துக்கு முன்னால் கையெழுத்தைக் கேளுங்கள்: ஐ-485 நிலுவையில் இருக்கும்போது வேலை மாறுவது

"அண்ணா, ஐ-485 போட்டு நாலு வருஷம் ஆச்சு. இப்ப நல்ல ஆஃபர் ஒண்ணு வந்திருக்கு. போனா கிரீன் கார்டு போயிடுமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. அமெரிக்காவில் கம்பெனி மூலமாக கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வரிசையில் நிற்பவர்களுக்கான குறிப்பு இது. ஐ-485 என்பது அந்தப் பாதையில் நாமே போடும் கடைசி விண்ணப்பம். நான் வக்கீல் இல்லை, இரண்டு தடவை இந்த வழியில் வேலை மாறியவன், முதல் தடவை நன்றாகச் சொதப்பியவன்.

2020 அக்டோபர் விசா புல்லட்டின், அதாவது எந்தத் தேதிவரை வரிசையில் நிற்பவர்களுக்கு வாய்ப்பு என்று மாதாமாதம் வரும் அறிவிப்பு, பலருக்கும் நினைவிருக்கும். இந்தியர்களுக்கான ஈபி-3 பிரிவின் 'ஃபைலிங்' தேதி (ஐ-485 போட அனுமதிக்கும் வரிசைத் தேதி) ஒரே தாவாகத் தாவி 2015 ஜனவரி 1-இல் வந்து நின்றது, ஈபி-2 (மேற்படிப்பு வேண்டிய வேலைகளுக்கான, ஒரு படி மேலான பிரிவு) அப்போது 2011-லேயே கிடந்தது, அதனால் ஈபி-2 வரிசையில் நின்றவர்களெல்லாம் ஈபி-3-க்கு டவுன்கிரேட் செய்து, கொரோனா காலத்தில் மெடிக்கலுக்கு டாக்டர் கிடைக்காமல் அலைந்து, அந்த மாதம் முடிவதற்குள் ஐ-485-ஐ அனுப்பிவைத்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அனுப்பியதோடு சரி. வேலைவாய்ப்புப் பிரிவில் வருஷத்துக்கு மொத்தமே சுமார் 1,40,000 கிரீன் கார்டு, அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு, இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தவர்களோ லட்சக்கணக்கில். தேதி முன்னே போகும், பின்னே வரும். 2022-இல் ஈபி-2 இந்தியா 2014 டிசம்பர் வரை ஓடிவிட்டு, அதே வருஷக் கடைசியில் 2011 அக்டோபருக்கே திரும்பி வந்தது. இந்த ஊஞ்சல் நிற்கும்வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது.

இது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் தெரிந்த விஷயம்தான். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த ஏசி21 என்ற சட்டம் குடியேற்றச் சட்டத்தில் 204(ஜே) என்றொரு பிரிவைச் சேர்த்தது. ஐ-485 போட்டு 180 நாள் தாண்டியும் முடிவு வரவில்லை என்றால், "அதே அல்லது அதைப் போன்ற" வேலை ஒன்றுக்கு நீங்கள் மாறிக்கொள்ளலாம், பழைய கம்பெனி போட்ட பெர்மும் (அமெரிக்கத் தொழிலாளர் துறையின் லேபர் சான்றிதழ்) ஐ-140-உம் (உங்களுக்காகக் கம்பெனி போடும் குடியேற்ற மனு) அப்படியே செல்லும். இதைத்தான் நம்மவர்கள் 'போர்ட்டிங்' என்கிறார்கள். பழைய கம்பெனியின் அனுமதி தேவையில்லை, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முதலில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பெர்ம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கிளம்பினால் எல்லாம் போச்சு, புதுக் கம்பெனியில் அ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டது, ஆனால் ஐ-485 இன்னும் போடவில்லை என்றால், புதுக் கம்பெனி பெர்மையும் ஐ-140-ஐயும் மறுபடி போட வேண்டும், ஆனால் உங்கள் பழைய பிரையாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி) உங்களுடையதுதான். ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் கழிந்துவிட்டால் பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அது தானாக ரத்தாகாது என்று 2017 ஜனவரி 17 முதல் விதி இருக்கிறது. அதற்கு முன்னாலேயே வாபஸ் வாங்கினால்கூட, மோசடியோ பெரிய பிழையோ இல்லாதவரை பிரையாரிட்டி டேட் தங்கும். இந்தப் படியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. ஐ-485 போட்டவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

180 நாளை எங்கிருந்து எண்ணுவது

சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேர் இதில்தான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஐ-485-க்கு வந்த ஐ-797சி ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே கட்டம் கட்டமாக இருக்கும் பகுதியில் 'ரிசீவ்டு டேட்' என்று ஒன்று, 'நோட்டீஸ் டேட்' என்று இன்னொன்று இருக்கும். முதலாவது உங்கள் கவர் அவர்கள் கைக்குப் போன நாள். இரண்டாவது அந்தக் காகிதத்தை அச்சடித்த நாள். எண்ண வேண்டியது முதலாவதிலிருந்து. என் ரசீதில் ரிசீவ்டு டேட் 2020 அக்டோபர் 28, நோட்டீஸ் டேட் 2021 ஜனவரி. அந்தச் சமயம் அவ்வளவு கவர்கள் குவிந்து கிடந்தன, ரசீது வரவே மூன்று மாதம் ஆனது. நான் ஜனவரியிலிருந்து எண்ணி ஜூலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஏப்ரல் 26-லேயே 180 நாள் முடிந்துவிட்டது. வீணாகப் போன மூன்று மாதம்.

அந்த 180-க்கு முன்னால் கிளம்பலாமா என்று கேட்காதீர்கள். வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கம்பெனி அந்த இடைவெளியில் ஐ-140-ஐ வாபஸ் வாங்கிவிட்டால் உங்கள் ஐ-485-க்குக் காலே இல்லாமல் போய்விடும். ஐந்து மாதம் பொறுத்தவர்கள் ஆறாவது மாதமும் பொறுக்கலாம்.

இன்னொன்று, ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டவுன்கிரேட் செய்தவர்களுக்கு இரண்டு ஐ-140 இருக்கும், பழைய ஈபி-2 ஒன்று, ஐ-485-ஓடு சேர்த்து அனுப்பிய ஈபி-3 ஒன்று. பழையது அப்ரூவ் ஆனது பத்து வருஷத்துக்கு முன் என்ற தைரியத்தில் புதியது என்ன ஆயிற்று என்று பலர் பார்ப்பதே இல்லை. உங்கள் ஐ-485 எந்த ஐ-140-இன் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அது அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். நிலுவையில் இருக்கும்போதே மாறவும் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதற்கு ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) வந்தால் பதில் தர வேண்டியது நீங்கள் கழற்றிவிட்டு வந்த பழைய கம்பெனி. அவர்கள் எவ்வளவு ஆர்வமாகப் பதில் தருவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிரீமியம் பிராசஸிங் (கூடுதல் கட்டணத்தில் விரைவாக முடிவு வாங்கும் வழி) போட்டு முடித்துவிட்டு அப்புறம் ராஜினாமா கடிதம் எழுதலாம்.

'சேம் ஆர் சிமிலர்' என்றால் என்ன

எல்லாரும் பயப்படும் இடம் இது, பாதிப் பயம் தேவையில்லாதது. யுஎஸ்சிஐஎஸ் (இந்த விண்ணப்பங்களை முடிவு செய்யும் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகம்) 2016 மார்ச்சில் ஒரு மெமோ வெளியிட்டு எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று தெளிவாகச் சொன்னது. வேலையில் தினமும் என்ன செய்கிறீர்கள், என்ன திறமை வேண்டும், என்ன படிப்பு, எஸ்ஓசி கோடு என்ன, சம்பளம் என்ன, இவற்றை எல்லாம் சேர்த்து மொத்தமாகப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது என்பதற்காகத் தூக்கிப் போட மாட்டார்கள்.

எஸ்ஓசி கோடு என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒவ்வொரு தொழிலுக்கும் கொடுத்திருக்கும் ஆறு இலக்க எண். சாஃப்ட்வேர் டெவலப்பர் என்றால் 15-1252. டெஸ்டர் 15-1253, வெப் டெவலப்பர் 15-1254, புரோகிராமர் 15-1251. இவை எல்லாம் 15-1250 என்ற ஒரே குடும்பத்துக்குள் வருவதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில் பெரிதாக வில்லங்கம் வராது. உங்கள் கோடு எங்கே இருக்கிறது என்றால், 2023 ஜூனுக்கு முந்தைய பெர்ம் படிவமான பழைய இடிஏ 9089-இல் எஃப் பிரிவில் சம்பளக் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கும். அதே படிவத்தில் எச்-11 என்ற கட்டத்தில் வேலை விவரம் இருக்கும், பத்துப் பதினைந்து வரி, பெரும்பாலும் உங்களுக்கே அடையாளம் தெரியாத மொழியில். அந்தப் பத்து வரிதான் இனி உங்களுக்கு வேதம். பழைய படிவத்தில் 15-1132 என்று இருந்து புது வேலைக்கு 15-1252 என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், கோடுகளை 2018-இல் திருத்தினார்கள், பழைய 1132-ஐயும் 1133-ஐயும் சேர்த்துப் புது 1252 ஆக்கினார்கள், அவ்வளவுதான்.

பதவியின் பெயர் முக்கியம் இல்லை. இங்கே வங்கிகளில் வைஸ் பிரசிடென்ட் என்று கார்டு அடித்துக்கொண்டு காலை முதல் மாலை வரை ஜாவா எழுதுபவர்கள் தெருவுக்கு நாலு பேர். அவர்கள் டெவலப்பர்கள்தான். மேனேஜராகப் போகலாமா என்றால், டெவலப்பர்களை மேய்க்கும் மேனேஜர் என்றால் வாதாட நல்ல இடம் இருக்கிறது, இயல்பான பதவி உயர்வை மெமோவே ஒப்புக்கொள்கிறது. மேனேஜருக்கான கோடு 11-3021 என்று வேறு குடும்பத்தில் வருவதால் கடிதத்தில், யாரை மேற்பார்வை செய்கிறார், எந்தத் தொழில்நுட்ப முடிவுகளை எடுக்கிறார் என்று விலாவாரியாக எழுத வேண்டும். புராடக்ட் மேனேஜர் என்றால் கொஞ்சம் இழுபறி, அங்கே வக்கீலுக்குக் காசு செலவழிப்பது நியாயம். சம்பளம் இரட்டிப்பானால் பிரச்சினையா என்று கேட்பார்கள். பத்து வருஷம் முன்னால் பெர்மில் போட்ட சம்பளத்தோடு இன்றையதை ஒப்பிட்டால் யாருக்கும் பெரிய வித்தியாசம்தான் வரும், அதை மட்டும் வைத்து மறுப்பதில்லை. ஊர் மாறினாலும் கவலையில்லை. பெர்ம் நியூஜெர்சிக்குப் போட்டிருந்தாலும் வேலை டெக்ஸாஸில் இருக்கலாம்.

ஆனால் முழுநேர, நிரந்தர வேலையாக இருக்க வேண்டும். ஆறு மாத கான்ட்ராக்டை நம்பிப் போர்ட் செய்யாதீர்கள். சொந்தத் தொழிலுக்குக்கூடச் சட்டம் கதவை மூடவில்லை, ஆனால் அது அதே துறையில் நிஜமாக நடக்கும் தொழிலாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு டல்லாஸ் பக்கம் இட்லிக் கடை வைக்க வேண்டும் என்று தீராத ஆசை. டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கல்லாவில் உட்கார்ந்தால் எந்தக் கோடும் காப்பாற்றாது. கடைசியில் கடையை அவர் மனைவி நடத்துகிறார், மனைவி டிபென்டென்ட் விண்ணப்பதாரர், அவருடைய இஏடி-க்கு (வேலை செய்யும் அனுமதி அட்டை) 'சேம் ஆர் சிமிலர்' எதுவும் கிடையாது, எந்த வேலையும் செய்யலாம். சாம்பார் நன்றாக இருக்கும்.

சப்ளிமென்ட் ஜே, அதாவது நான் சொதப்பிய இடம்

ஐ-485 சப்ளிமென்ட் ஜே என்பது 2017-இல் வந்த படிவம். புது வேலை இது, இன்ன சம்பளம், இன்ன வேலை, முழுநேரம், நிரந்தரம் என்று உங்கள் தரப்பை நீங்களும், கம்பெனி தரப்பை கம்பெனியும் நிரப்பி இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் 180 நாள் கணக்கு, கோடு ஒப்பீடு எல்லாம் இருந்தும் பயனில்லை.

2022-இல் எனக்கு ஒரு ஆஃபர் வந்தது. சம்பளம், போனஸ், ஜாயினிங் தேதி எல்லாவற்றையும் பற்றிப் பேரம் பேசினேன், இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இஏடி இருக்கிறதே, எனக்கு ஸ்பான்சர்ஷிப்பே வேண்டாமே என்று நினைப்பு. விண்ணப்பத்தில் 'இப்போதோ எதிர்காலத்திலோ ஸ்பான்சர்ஷிப் தேவையா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். சேர்ந்து மூன்றாவது வாரம் படிவத்தை எச்ஆரிடம் கொண்டுபோனேன். அந்த அம்மா படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் ஸ்பான்சர்ஷிப் வேண்டாம் என்றீர்களே, இது குடியேற்றப் படிவமாயிற்றே, நாங்கள் இதிலெல்லாம் கையெழுத்துப் போடுவதில்லை" என்று சொல்லிவிட்டார். பழைய கம்பெனியிலிருந்து வந்தாயிற்று. புதுக் கம்பெனி கையெழுத்துப் போடாது. அன்று மத்தியானம் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனேன்.

ஒன்றரை மாதம் இழுத்தது. கடைசியில் என் சொந்தச் செலவில் ஒரு வக்கீலைப் பிடித்து, கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு இரண்டு பத்தியில் ஒரு கடிதம் எழுதவைத்தேன். இது புது ஸ்பான்சர்ஷிப் இல்லை, புதிதாக லேபர் சான்றிதழோ ஐ-140-ஓ தேவையில்லை, கம்பெனிக்குக் காசு செலவு இல்லை, நாங்கள் இவருக்கு இந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம் என்று உண்மையைச் சொல்வதுதான் இந்தக் கையெழுத்து. சட்டப் பிரிவு அதே வாரம் ஒப்புக்கொண்டது. எச்ஆர் அம்மா மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் முன்கூட்டியே கேட்கவில்லை.

அதனால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ரெக்ரூட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். "என்னிடம் நிலுவையில் உள்ள ஐ-485 இருக்கிறது, வேலை செய்ய அனுமதி இருக்கிறது, சேர்ந்த பிறகு ஐ-485 சப்ளிமென்ட் ஜே-யில் கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும், இதற்கு உங்கள் குடியேற்ற வக்கீல்கள் சம்மதிப்பார்களா?" இதையே மின்னஞ்சலாக அனுப்பி, 'சரி' என்ற பதில் வந்த பிறகு மற்றதைப் பேசுங்கள். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே குழு இருக்கும், பத்து நிமிஷத்தில் பதில் வரும். சின்ன கம்பெனிகளில்தான் விளக்க வேண்டியிருக்கும். வாய் வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள், ரெக்ரூட்டர் உங்களுக்கு முன்னாலேயே வேலை மாறிப் போய்விடுவார்.

எப்போது அனுப்புவது என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆர்எஃப்இ வரும்வரை பேசாமல் இருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி, சேர்ந்து ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிடுவது. காரணம், பழைய கம்பெனி ஐ-140-ஐ வாபஸ் வாங்கினால் யுஎஸ்சிஐஎஸ் கேள்வி கேட்கும், அந்தக் கேள்விக் கடிதம் உங்கள் பழைய வீட்டு முகவரிக்கோ பழைய வக்கீலுக்கோ போய்ச் சேரும், பழைய வக்கீல் பழைய கம்பெனியின் வக்கீல், அவர் உங்களுக்கு எப்போது சொல்வார் என்பது அவர் மனசு. ஏற்கனவே சப்ளிமென்ட் ஜே ஃபைலில் இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது. கூடவே, புது வக்கீலிடம் ஜி-28 படிவம் போடச் சொல்லுங்கள், அப்போதுதான் கடிதங்கள் அவருக்கு வரும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 போட்டு முகவரியை மாற்றுவதும் கட்டாயம்.

எச்1பி-யிலா, இஏடி-யிலா

ஐ-485-ஓடு சேர்த்து இஏடி-க்கும் விண்ணப்பிக்கலாம், அது கைக்கு வந்ததும் அதை வைத்து எந்தக் கம்பெனியிலும் அடுத்த நாளே சேரலாம், எச்1பி (கம்பெனி மனுப் போட்டு வாங்கும் தற்காலிக வேலை விசா) மனு எதுவும் தேவையில்லை. வசதிதான். ஆனால் இஏடி-யில் வேலையில் சேர்ந்த நாளோடு உங்கள் எச்1பி ஸ்டேட்டஸ் போய்விடும், மனைவி எச்4-இல் (எச்1பி-காரரின் குடும்ப விசா) இருந்தால் அதுவும் கூடவே போகும். அதற்கப்புறம் நீங்கள் இந்த நாட்டில் இருப்பது ஐ-485 நிலுவையில் இருக்கிறது என்ற ஒரே நூலில். ஏதோ காரணத்தால் அது மறுக்கப்பட்டால் கீழே வலை இல்லை. எச்1பி-யிலேயே டிரான்ஸ்ஃபர் போட்டுப் போனால், ஐ-485 போனாலும் எச்1பி-யில் வேலை தொடரும். எச்1பி-யின் ஆறு வருஷ வரம்பு முடிந்துவிட்டதே என்று யோசிக்க வேண்டாம், அப்ரூவ் ஆன ஐ-140-ஐக் காட்டிப் புதுக் கம்பெனியும் மூன்று வருஷ நீட்டிப்பு வாங்கலாம். மனு போய்ச் சேர்ந்ததுமே புது இடத்தில் வேலையை ஆரம்பிக்கலாம்.

2023-இல் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், இஏடி-யே போதும் என்று சொல்லியிருப்பேன். அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் இஏடி-யை ஐந்து வருஷத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள், புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழையது காலாவதியானாலும் தானாக நீளும் என்ற வசதியும் இருந்தது. இப்போது இரண்டும் போய்விட்டன. 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குத் தானாக நீளும் சலுகை இல்லை. 2025 டிசம்பர் 5 முதல் ஐந்து வருஷம் பதினெட்டு மாதமாகச் சுருங்கிவிட்டது. அதாவது கார்டு காலாவதியாகும் நாளில் புதுக் கார்டு கையில் இல்லையென்றால் மறுநாள் லாக்-இன் செய்யக் கூடாது. சம்பளமில்லாத விடுப்பில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இப்போதைக்கு என் ஆலோசனை இது: எச்1பி கையில் இருக்கிறது, புதுக் கம்பெனியும் டிரான்ஸ்ஃபர் போடத் தயார் என்றால் எச்1பி-யிலேயே போங்கள், இஏடி-யைப் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் உள்நாட்டில் முறையான ஸ்டேட்டஸில் இருந்தபடியே கம்பெனி மாறுபவர்களுக்குப் பொருந்தாது என்று யுஎஸ்சிஐஎஸ்-ஏ விளக்கம் கொடுத்திருக்கிறது, அதைக் கேள்விப்பட்டுப் பயந்து ரெக்ரூட்டர் பின்வாங்கினால் எடுத்துச் சொல்லுங்கள்.

இஏடி-தான் வழி என்றால், காலாவதிக்கு 180 நாள் முன்னாலேயே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள், காலண்டரில் இன்றைக்கே குறித்துவையுங்கள். 2024 ஏப்ரல் 1-க்கு முன்னால் ஐ-485-க்குக் கட்டணம் கட்டியவர்களுக்கு இந்தப் புதுப்பிப்பு இலவசம்.

ஊருக்குப் போவதும் இதோடு சேர்ந்த சங்கதி. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் (போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி) இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்1பி, எச்4, எல்1, எல்2-இல் செல்லுபடியான ஸ்டேட்டஸோடு இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, ஆனால் அவர்களுக்கும் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் வேண்டும், அந்த அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நிலவரம் உங்களுக்கே தெரியும். அப்பா அம்மா வயதானவர்கள் என்றால் அட்வான்ஸ் பரோலை எப்போதும் உயிரோடு வைத்திருங்கள். வேலை மாறும் நாட்களில் மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. டிரான்ஸ்ஃபர் மனு பாதியில் இருக்கும்போது சென்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டு வக்கீலுக்கு வாட்ஸ்அப் அனுப்பும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

ராஜினாமா கடிதத்துக்கு முன்னால்

கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதோடு எல்லா மின்னஞ்சலும் போச்சு. அதனால் கிளம்பும் முடிவுக்கு வந்த அன்றே ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ், பெர்ம் படிவம், ஐ-485 ரசீது, எல்லா எச்1பி அப்ரூவல்கள், சம்பளச் சீட்டுகள், டபிள்யூ-2 எல்லாவற்றின் நகலும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ-140 கம்பெனியின் மனு என்பதால் சில கம்பெனிகள் நகல் தருவதில்லை, ரசீது எண்ணைச் சொல்லவே முகத்தைச் சுளிப்பார்கள். அப்படியானால் யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் தகவல் அறியும் விண்ணப்பம் போட்டு உங்கள் ஃபைலை நீங்களே கேட்டு வாங்கலாம், ஆன்லைனிலேயே போடலாம். சில பக்கங்களில் கறுப்பு மை பூசியிருப்பார்கள், ஆனால் வேண்டியது கிடைக்கும். வர நாளாகும், வேலை தேட ஆரம்பிக்கும் முன்பே போட்டு வைத்துவிடுங்கள்.

பிறகு பணம். கிளம்பினால் கிரீன் கார்டு செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிய கம்பெனிகள் நிறைய. பெர்முக்கான வக்கீல் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் வேலைக்காரரிடம் வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை விதி இருக்கிறது, 2007 முதல். ஐ-485 செலவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி மிரட்டினால், பிரித்துக் கணக்குக் கேளுங்கள். எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டதுமே தொகை பாதியான கதை எனக்குத் தெரியும்.

நீங்களாகப் போகாமல் கம்பெனியே அனுப்பிவிட்டால் என்ன? ஐ-485 போட்டு 180 நாள் தாண்டியிருந்தால் உடனே ஒன்றும் இடிந்து விழாது. கிரீன் கார்டு என்பது எதிர்காலத்தில் செய்யப்போகும் வேலைக்கானது, நடுவில் இரண்டு மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்ததற்காக மறுக்க மாட்டார்கள், முடிவு எடுக்கும் சமயத்தில் தகுந்த ஆஃபர் ஒன்று கையில் இருக்க வேண்டும். எச்1பி-க்கு 60 நாள் அவகாசம் தனிக் கணக்கு, எச்1பி-யைக் காப்பாற்ற நினைத்தால் அதற்குள் புது மனு போக வேண்டும். அந்த 60 நாளில் கண்ணில் பட்ட வேலையில் எல்லாம் குதிக்காமல், பெர்மில் அந்த எச்-11 கட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

எத்தனை தடவை மாறலாம் என்று கணக்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் புது சப்ளிமென்ட் ஜே. 2024-இல் நான் இரண்டாம் முறை மாறியபோது ரெக்ரூட்டர் பையன் முதல் போனிலேயே சம்பள எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டான். அது இருக்கட்டும், முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன், அதற்குப் பதில் வாங்கிக் கொடு என்றேன். பதில் வர நாலு நாள் ஆனது, கூடவே கம்பெனி வக்கீலின் பெயரும் நம்பரும் வந்தன. சேர்ந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை படிவம் கையெழுத்தாகி கூரியரில் போனது. தயிர்சாதமும் அன்று மிச்சமில்லை.